என்ன சமைக்கலாம்? களி காட்டும் வழி!

அலமாரியில் பருப்பு, ஃபிரிட்ஜில் காய்கறி. ஆனாலும், ‘இன்னிக்கு என்ன சமைக்கிறது?’ என்று அம்மாக்கள் தினமும் திணறுகிறார்கள். பொருளுக்குக் குறையில்லை, எதைச் செய்வது என்பதில்தான் குழப்பம்.

தர்மபுரி மாவட்டக் கிராமங்களில் இந்தக் கேள்வியைக் கேழ்வரகுக் களி பாதியாகக் குறைத்துவிடும். தொட்டுக்கொள்ள கீரைக் கடைசலா, அவரைக்கொட்டைக் குழம்பா, கருவாட்டுக் குழம்பா என்பது மட்டுமே யோசனை. 2023 மே மாதம் இம்மாவட்ட ரேஷன் கடைகளிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது.

நீங்களும் கிழமைக்கு ஒரு தானியம் குறித்து வையுங்கள்: திங்கள் களி, செவ்வாய் சாமைச் சோறு, புதன் அரிசிச் சோறு. என்ன குழம்பு என்பதை, சீக்கிரம் வாடும் காயைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டால், அம்மாவைக் கேட்காமலே வீட்டில் யார் வேண்டுமானாலும் உலை வைக்கலாம்!