எலும்பு கூடினால் போதாது: இடுப்புக் கிண்ணம் உடையும்போது

கார் மோதும்போது முன்னிருக்கையில் இருப்பவரின் முழங்கால் முன்பலகையில் இடிக்கிறது. அடி விழுந்தது முழங்காலில், உடைவது இடுப்பு. மடங்கிய காலின் தொடை எலும்பு உலக்கைபோல அந்த விசையைப் பின்னோக்கிக் கொண்டுசெல்ல, அதன் உருண்டைத் தலை தான் பொருந்தியிருக்கும் கிண்ணத்தின் பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. நம் பேச்சில் இதற்கும் 'இடுப்பு எலும்பு முறிவு' என்றுதான் பெயர். வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தாலும் அதே பெயர்தான். இரண்டும் வேறு வேறு காயங்கள். கிண்ணம் உடைந்தவருக்கு எலும்பு கூடுமா என்பது பெரிய கேள்வியே அல்ல, அது பெரும்பாலும் கூடிவிடும். கிண்ணத்தின் உட்பரப்பு முன்போல வழவழப்பாக அமையுமா என்பதில்தான் அவருடைய மீதி ஆயுளின் நடை இருக்கிறது.

இந்தக் கிண்ணத்துக்கு மருத்துவப் பெயர் அசிட்டாபுலம். காடி ஊற்றிவைக்கும் சிறு கிண்ணத்தை ரோமானியர் அழைத்த பெயர் அது. மேலே இலியம், கீழே பின்புறம் இஸ்கியம், முன்புறம் பியூபிஸ் என்று மூன்று எலும்புகள் சந்திக்கும் இடத்தில் அது உருவாகிறது. சிறுவயதில் அவற்றுக்கிடையே குருத்தெலும்பு இருக்கும். பதின்ம வயதின் நடுவில் மூன்றும் ஒன்றாகிவிடும். கிண்ணத்தின் உள்ளே குதிரை லாட வடிவில் குருத்தெலும்பு படர்ந்திருக்கிறது. விளிம்பைச் சுற்றியுள்ள நார்க்குருத்து வளையம் குழியை ஆழமாக்கி, மூட்டுத் திரவம் கசியாமல் காக்கிறது. நடக்கையில் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான சுமை இங்கே இறங்குகிறது. பரப்பு சீராக இருந்தால் அந்தச் சுமை பரவிவிடும்; ஓரிடத்தில் சிறு படி விழுந்தாலும் அங்கேயே குவிந்து குருத்தெலும்பை அரைக்கும். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. தேய்ந்தது மீண்டும் அதே தரத்தில் வளராது.

இந்த உண்மை சிகிச்சையாக மாற வெகுகாலம் ஆனது. காலில் எடை கட்டி இழுத்து, நோயாளியை வாரக்கணக்கில் படுக்கவைப்பதே முன்பு வழக்கம். பாரிஸ் மருத்துவர்கள் ராபர்ட் ஜூதே, ழான் ஜூதே, எமில் லெத்தூர்னல் மூவரும் 1964-ல் வெளியிட்ட கட்டுரை பாதையை மாற்றியது. முன்னும் பின்னுமாக இரண்டு எலும்புத் தூண்கள் தலைகீழ் 'ஒய்' எழுத்தைப்போல் இணைந்து கிண்ணத்தைத் தாங்குகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். இந்தப் பார்வையிலிருந்து பிறந்த பத்து முறிவு வகைகளைக் கொண்ட பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எந்தத் தூண் உடைந்தது என்று தெரிந்தால் எந்தப் பக்கம் திறப்பது என்பதும் தெரிந்துவிடும்: பின்சுவர் முறிவுக்குப் பிட்டத்தின் வழியாக, முன்தூண் முறிவுக்குத் தொடையிடுக்கின் ஓரமாக. இன்று சி.டி. ஸ்கேன் உடைந்த துண்டுகளை முப்பரிமாணத்தில் காட்டுகிறது. அவற்றைப் பொருத்தி, எலும்பின் வளைவுக்கேற்ப வளைத்த பிளேட்டும் ஸ்குரூவும் கொண்டு இறுக்குகிறார்கள்.

இத்தனை பெரிய அறுவை தேவையா, கட்டுப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கை முறிவில் கட்டு பலன் தருவதைக் கண்டவர்களுக்கு அந்த நம்பிக்கை இயல்புதான். ஆனால் கை எலும்பைச் சுற்றி மூங்கில் பத்தை வைக்கலாம். தசைகளுக்கு அடியில், இடுப்பின் ஆழத்தில் இருக்கும் கிண்ணத்தை எந்தக் கட்டும் எட்டாது. துண்டுகள் விலகிய நிலையிலேயே கூடிவிட்டால், கூடியதே கேடாக முடியும். செயற்கை மூட்டு இருக்கும்போது ஒட்டவைப்பானேன் என்பது இன்னொரு கேள்வி. எலும்பு வலுவிழந்த முதியவருக்கு அது சில சமயம் சரியான வழியே. இளைஞருக்கோ செயற்கை மூட்டு ஆயுள் முழுக்கத் தாங்காமல் போகலாம். உடைந்த சுவரில் செயற்கைக் கிண்ணத்தை உறுதியாகப் பதிப்பதும் கடினம். அமெரிக்க மருத்துவர் ஜோயல் மட்டா அறுவை செய்த 810 பேரைப் பின்தொடர்ந்து 2012-ல் வெளியான ஆய்வு, 20 ஆண்டுகளுக்குப் பின்னும் 79 சதவீத மூட்டுகள் மாற்றப்படாமல் நிலைத்திருக்கும் என்று கணக்கிட்டது. துண்டுகள் துல்லியமாகப் பொருந்தாத மூட்டுகளே கெடும் வாய்ப்பு அதிகம் என்பதும் அதில் தெரிந்தது.

அது தேர்ந்த ஒருவரின் கை தந்த பலன், எல்லாரிடமும் அதை எதிர்பார்க்க முடியுமா என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ரத்த இழப்பு, கிருமித்தொற்று, பாதம் தொங்கிப்போகச் செய்யும் சியாட்டிக் நரம்புக் காயம், தசைக்குள் தேவையற்ற எலும்பு வளர்வது என ஆபத்துகளும் உண்மையானவை. எனவே எல்லா முறிவுக்கும் கத்தி வேண்டாம். இரண்டு மில்லிமீட்டருக்குள் விலகி, சுமை தாங்கும் கூரைப்பகுதி கெடாமல், உருண்டை நடுவில் நிலைத்திருந்தால் ஓய்வே போதும். விலகல் அதிகமென்றால் இந்த அறுவையில் பழகியவரிடம் அனுப்ப வேண்டும், அதுவும் தாமதமின்றி. கிண்ணத்தை விட்டு வெளியேறிய தொடைத் தலையை ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளாவிட்டால், ரத்த ஓட்டம் தடைபட்டு அது உயிரிழக்கும் அபாயம் கூடுகிறது. முறிவுக்கான அறுவைக்குச் சில நாள் பொறுக்கலாம். மூன்று வாரம் கடந்தால் துண்டுகள் தவறான இடத்திலேயே ஒட்டிவிடும், பிரித்துப் பொருத்துவது மிகக் கடினம். ஆகவே விபத்துக்குள்ளானவரின் குடும்பம் எலும்பு கூடுமா என்று கேட்டு நின்றுவிடக் கூடாது. கிண்ணம் எவ்வளவு விலகியிருக்கிறது, அதைச் சரிசெய்து பழகியவர் எங்கே இருக்கிறார் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.