விரிவுரையாளர் தேர்வு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து, ஒரகடம் ஆலைகளுக்குத் தொழிலாளர் பேருந்துகள் நாள்தோறும் செல்கின்றன. கணினிப் பொறியியல் பயின்றோர்க்கு ஆலைப்பணி ஒரு வழி; அரசு பல்வகைத் தொழில்நுட்பக் கல்லூரியின் விரிவுரையாளர் பணி மற்றொன்று. பின்னதற்குரிய தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது.

இத்தேர்வுக்கு மனப்பாடம் மட்டும் உதவாது. அகரவரிசையில் அமைந்த 1000 பெயர்களுள் ஒன்றை இருமத் தேடலால் மிகுதியாகப் 10 ஒப்பீடுகளில் கண்டறியலாம். ஒவ்வோர் ஒப்பீட்டிலும் எஞ்சியவற்றுள் பாதி விலக்கப்படுவதே காரணம். பட்டியல் வரிசையின்றி இருப்பின்? எப்பாதியை விலக்குவது எனத் தெரியாது, முறையே பயனற்றுப்போகும். நல்ல வினா பெரும்பாலும் இவ்விடத்தில்தான் பிறக்கிறது.

படித்தவர்கள் ஏமாந்த காலமும் உண்டு. 1058 பணியிடங்களுக்கான தேர்வு 2017 செப்டம்பர் 16 அன்று நடந்தது. விடைத்தாள் நகல்கள் இணையத்தில் வெளியானபோது, சிலருக்கு வழங்கப்பட்ட மதிப்பெண் அவர்கள் எழுதிய விடைகளுக்குப் பொருந்தாமை புலப்பட்டது. 2018 பிப்ரவரியில் தேர்வு முழுவதும் ரத்து செய்யப்பட்டது. மறுதேர்வு, கணினி வழியாக, 2021 டிசம்பரில்தான் நடைபெற்றது. நேர்மையாக எழுதியோரும் நான்கு ஆண்டுகளுக்குப்பின் அதே பாடங்களை மீண்டும் படிக்க வேண்டியதாயிற்று.