பண்டைக் கடற்கரையை வரைவது எப்படி?

கடற்கரை என்பது நிலையான எல்லையன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சநிலையில் இருந்தபோது, கடல்நீரின் ஒரு பகுதி பெரும் பனிப்பாளங்களாக உறைந்து நிலத்தின்மீது தங்கியிருந்தது. அதனால் உலகின் கடல்மட்டம் இன்று உள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மும்பைக்கு மேற்கே சுமார் 300 கிலோ மீட்டர் அகலத்திற்குப் பரந்துள்ள கண்டத்திட்டின் பெரும்பகுதி அக்காலத்தில் நிலமாகவே இருந்தது. பனி உருகத் தொடங்கியதும் கடல் படிப்படியாக உயர்ந்து, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது.

மறைந்துபோன அக்கரையைக் கண்டறிவதில் முதற்படி ஆழத்தை அளப்பதாகும். ஒலியலைகளைக் கடலடிக்குச் செலுத்தி, அவை திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு ஆழம் கணக்கிடப்படுகிறது. ஒரே ஆழமுள்ள இடங்களை இணைத்துக் கோடுகள் வரையப்படுகின்றன. ஆனால், அக்கோடு கரையாக இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். மேற்குக் கண்டத்திட்டில் 50 முதல் 100 மீட்டர் வரையிலான ஆழங்களில் படிக்கட்டு போன்ற மேடைகளும், ஆழமற்ற நீரில் மட்டுமே உருவாகக்கூடிய சுண்ணாம்புப் படிவுகளும் காணப்படுகின்றன. 1966ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இவற்றை ஆராய்ந்துள்ளனர். இத்தகைய படிவுகளின் வயதைக் கரிமம்-14 முறை தெரிவிக்கிறது. ஆழமும் வயதும் ஒருங்கே கிடைத்தால், கடல் எப்போது எங்கே நின்றது என்பது புலனாகும்.

எனினும், கடல் மட்டுமே ஏறி இறங்குவதில்லை, நிலமும் அசைகிறது. 1819ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று கட்ச் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தில், சிந்திரிக் கோட்டையைச் சூழ்ந்த நிலம் தாழ்ந்து நீரில் மூழ்கியது. அதற்கு வடக்கே அல்லா பந்த் என்னும் நீண்ட மேடு எழுந்தது. ஆறுகள் கொணரும் வண்டலும் கரையை நகர்த்துகிறது. ஹரப்பா நாகரிகக் காலத் துறைமுகமெனப் பலர் கருதும் லோத்தல், இன்று கடலிலிருந்து விலகி உள்நாட்டில் இருப்பதை நாம் அறிவோம். ஆகவே, நில அசைவையும் வண்டல் படிவையும் கணக்கில் கொள்ளாமல், ஆழக்கோட்டை மட்டும் நம்பி வரைந்த படம் பிழையாகவே முடியும்.

இது பழங்கால ஆராய்ச்சிக்கு மட்டும் உரிய பாடமன்று. 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்துள்ளது. ஆனால், தாழ்ந்துவரும் டெல்டாவிலும் உறுதியான பாறைக் கரையிலும் இதன் விளைவு ஒன்றாக இராது. துறைமுகம், குடியிருப்பு, சாலை ஆகியவற்றைத் திட்டமிடுவோர், உலகச் சராசரி ஒன்றையே எல்லாக் கரைகளுக்கும் பொருத்தாமல், அந்தந்தக் கரையின் வரலாற்றையும் ஆராய்ந்து முடிவெடுப்பது இன்றியமையாதது.