ஹெட்போனுக்குத் தனி ஆம்ப்ளிபயர் தேவையா?

சென்ற மாதம் என் அக்கா மகன் போனில் அழைத்தான். "மாமா, புது ஹெட்போன் வாங்கினேன். லேப்டாப்பில் சத்தமே போதவில்லை. தனியாக ஒரு டாக், ஒரு ஆம்ப் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார்கள். ஆர்டர் போடட்டுமா?" என்றான். "வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா" என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இதே டாக், ஆம்ப் இரண்டும் சேர்ந்த பெட்டி ஒன்றை ரூ.7,500 கொடுத்து வாங்கி, அது எனக்குத் தேவையே இல்லை என்று எட்டு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டவன் நான்.

முதலில் இவை என்ன என்று பார்த்துவிடலாம். உங்கள் கம்ப்யூட்டரில் பாட்டு என்பது வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களை மின் அலையாக மாற்றித் தருவது டிஜிட்டல் அனலாக் கன்வெர்ட்டர். இதைத்தான் சுருக்கமாக டாக் என்கிறார்கள். அந்த மின் அலை மிகவும் பலவீனமானது. ஹெட்போனுக்குள் இருக்கும் சிறிய ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு அதற்குப் பலம் கொடுப்பது ஆம்ப்ளிபயர்.

இந்த இரண்டும் ஏற்கனவே உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பெரும்பாலான மதர்போர்டுகளில் ரியல்டெக் நிறுவனத்தின் சிறிய சிப் ஒன்று இந்த வேலையைச் செய்கிறது. லேப்டாப்பிலும் இப்படித்தான். எனவே "டாக் வேண்டுமா?" என்று கேட்பதைவிட, "இருக்கும் டாக், ஆம்ப் இரண்டில் எது சரியாக வேலை செய்யவில்லை?" என்று கேட்பதே சரி. இதற்கு விடை தெரியாமல் கடைக்குப் போகக்கூடாது. நான் போனேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களுடையது புளுடூத் ஹெட்போன் அல்லது யு.எஸ்.பி. பிளக் உள்ள ஹெட்போன் என்றால், டாக், ஆம்ப் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கும். அந்த வழியில் கேட்கும்போது வெளியே எந்தப் பெட்டி வைத்தாலும் பயனில்லை. 3.5 எம்.எம். பின் உள்ள வயர் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் மட்டும் தொடர்ந்து படித்தால் போதும்.

என் கதைக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஹெட்போன், 32 ஓம் மாடல். டெஸ்க்டாப்பின் முன்பக்க ஜாக்கில் செருகிக் கேட்பேன். சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் பாட்டு நின்ற இடைவெளியில் "கிர்ர்" என்று ஒரு ஒலி வரும். மவுஸை நகர்த்தினால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். கடையில் சொன்னேன். "மதர்போர்டில் வருவது அப்படித்தான் இருக்கும் சார், தனி டாக் போடுங்கள்" என்றார்கள். போட்டேன். ஒலி நின்றது. மகிழ்ச்சியாக இருந்தேன்.

எட்டு மாதம் கழித்துத் தூசி தட்டுவதற்காக கேபினட்டைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன்பக்க ஜாக்கிலிருந்து ஒரு மெல்லிய வயர் புறப்பட்டு, கிராபிக்ஸ் கார்டை உரசியபடி, கேபினட் முழுவதும் சுற்றி மதர்போர்டின் மூலைக்குப் போகிறது. வழியில் உள்ள மின் இரைச்சலையெல்லாம் அது வாரிக்கொண்டு வருகிறது. பின்பக்கத்தில் இருக்கும் பச்சை ஜாக்குக்கு இந்தப் பிரச்னை இல்லை. அது மதர்போர்டிலேயே, சிப்புக்குப் பக்கத்தில் பொருத்தப்பட்டது. ஹெட்போனைப் பின்னால் செருகினேன். சுத்தமான அமைதி! நூறு ரூபாய் எக்ஸ்டென்ஷன் வயரில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஆகவே இரைச்சல்தான் உங்கள் குறை என்றால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். எந்தப் பாட்டும் ஓடாத நிலையில், நீங்கள் வழக்கமாக வைக்கும் வால்யூமில் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். மவுஸை நகர்த்துங்கள். பெரிய பைல் ஒன்றைக் காப்பி செய்யுங்கள். இரைச்சல் கேட்டால் பின்பக்க ஜாக்குக்கு மாற்றுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், சார்ஜரையும் வீட்டு எர்த்தையும்தான் பார்க்க வேண்டும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி எர்த்தை வெட்டிவிடும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும் இரைச்சல் இருந்தால் வெளி டாக் நிச்சயம் உதவும். மாற்றும் வேலை கேபினட்டுக்கு வெளியே நடப்பதால் உள் இரைச்சல் பெரும்பாலும் ஒட்டாது. அப்போதும் பெரிய பெட்டிக்குப் போகாமல், போன்களுக்காக விற்கும் விரல் நீள யு.எஸ்.பி. டைப் சி அடாப்டர் ஒன்றை முதலில் முயற்சி செய்யுங்கள். அதற்குள் டாக், ஆம்ப் இரண்டும் உண்டு. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவும். சில மலிவான அடாப்டர்களில் டாக் இருக்காது. அவை சில போன்களில் மட்டும் வேலை செய்யும், கம்ப்யூட்டரில் பேசாது.

இனி அக்கா மகனின் பிரச்னை. ஞாயிறு வந்தான். அவனுடையதும் டிடி 770 ப்ரோதான், ஆனால் 250 ஓம் மாடல். "ஓம் கூடினால் தரம் கூடும்" என்று யாரோ சொன்னார்களாம். அது அப்படியல்ல. ஓம் என்பது இம்பீடன்ஸ், அதாவது ஹெட்போன் மின்சாரத்துக்குக் காட்டும் தடை. அதே வோல்டேஜில், ஓம் கூடக் கூட உள்ளே போகும் மின்சக்தி குறையும்.

எவ்வளவு குறையும் என்று அளந்தே பார்த்தோம். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் ஜெனரேட் மெனு சென்று டோன் என்பதைத் தேர்ந்தெடுத்தோம். சைன் அலை, 50 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் 1 என்று கொடுத்தோம். விண்டோஸ் வால்யூம் 100. ஹெட்போனைக் கழற்றிவிட்டு (இதை மறக்க வேண்டாம், காதில் மாட்டியபடி இந்தச் சோதனை கூடவே கூடாது), இரு முனையிலும் பின் உள்ள ஆக்ஸ் கேபிளை ஜாக்கில் செருகினோம். மறுமுனைப் பின்னின் நுனியிலும் அடிப்பாகத்திலும் மல்டிமீட்டரை வைத்து ஏ.சி. வோல்ட் பார்த்தோம். வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண மல்டிமீட்டரே இதைச் சரியாகக் காட்டும். அவன் லேப்டாப் 0.7 வோல்ட் காட்டியது. என் டெஸ்க்டாப் 1 வோல்ட்.

கணக்கு எளிது. வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும். அவனுக்கு 0.49ஐ 250ஆல் வகுத்தால் சுமார் 2 மில்லிவாட். இந்த ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் ஒலி தரும் என்கிறது நிறுவனம். மின்சக்தி இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். ஆக 99 டெசிபல்தான் உச்சம். எனக்கோ 1ஐ 32ஆல் வகுத்தால் 31 மில்லிவாட், அதாவது சுமார் 111 டெசிபல். (ஹெட்போனை இணைத்ததும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், அதனால் இது சற்றுக் குறையலாம்.)

99 டெசிபல் போதாதா என்று கேட்கலாம். இப்போதைய சினிமாப் பாட்டுக்குப் போதும், அவை உச்ச அளவிலேயே பதிவாகின்றன. ஆனால் அவன் கேட்பது பழைய கச்சேரிப் பதிவுகள். கேசட்டிலிருந்து மாற்றப்பட்டவை. அவற்றின் சராசரி ஒலி உச்சத்தைவிட 30 டெசிபல் கீழே கிடக்கிறது. அப்படியானால் காதுக்கு வருவது 70 டெசிபலுக்கும் கீழே. சாதாரணப் பேச்சொலியைத் தாண்டாது. மின்விசிறி ஓடும் அறையில் தம்புரா எங்கே கேட்கும்? இவனுக்கு ஆம்ப் உண்மையிலேயே தேவை.

ஹெட்போன் வாங்கும்போது ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்சிடிவிட்டி எண்ணையும் பாருங்கள். அது 1 மில்லிவாட்டுக்கா, 1 வோல்ட்டுக்கா என்பதையும் பாருங்கள். ஏ.கே.ஜி. கே701 என்ற ஹெட்போன் 62 ஓம்தான். சென்சிடிவிட்டி 105 டெசிபல். என்னுடைய 96ஐவிட அதிகம் போல் தோன்றும். ஆனால் அந்த 105, 1 வோல்ட்டுக்கு. மில்லிவாட் கணக்கில் அது 93 மட்டுமே.

கடையில் கேட்டுப் பார்த்து வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு கருவிகளில் ஒன்று 1 டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும், அதைச் "சத்தம் அதிகம்" என்று நாம் உணர்வதில்லை. "தெளிவாக இருக்கிறது" என்று உணர்கிறோம். எனக்குக் கடையில் பெட்டியைப் போட்டுக் காட்டியவர், வால்யூம் குமிழை நன்றாகவே திருகி வைத்திருந்தார் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் 384 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்களையும் நான் பொருட்படுத்துவதில்லை. 1982ல் வந்த சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸே மனிதக் காது கேட்கும் எல்லை வரை எட்டிவிடுகிறது. 128 கே.பி.எஸ். எம்.பி.3 பைலில் தொலைந்துபோனதை எந்த டாக்கும் மீட்டுத் தராது.

ஆம்ப் வாங்குபவர்கள் காதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கச்சேரிக்காக ஏற்றி வைத்த குமிழை இறக்காமல் அடுத்து சினிமாப் பாட்டைப் போட்டால், 100 டெசிபல் நேராகக் காதில் இறங்கும். அக்கா மகனிடம் இதை இரண்டு முறை சொன்னேன்.

பிறகு என் பெட்டியை அவன் லேப்டாப்பில் இணைத்து அளந்தோம். 3 வோல்ட். 9ஐ 250ஆல் வகுத்தால் 36 மில்லிவாட், அதே 111 டெசிபல். கச்சேரியைப் போட்டு, குமிழை மெதுவாகத் திருகினான். பாதியைத் தாண்டியதும் கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். மாலையில் கிளம்பும்போது பெட்டியை அவனிடமே கொடுத்துவிட்டேன். இப்போது என் ஹெட்போன் பின்பக்கப் பச்சை ஜாக்கில் இருக்கிறது.