உங்களுக்குத் தெரியுமா?

ஈரோடு அருகே உள்ள மொடக்குறிச்சி தொகுதியில் 1996 சட்டமன்றத் தேர்தலில் களமிறங்கியவர்கள் மொத்தம் 1,033 பேர்! கோரிக்கைகளை அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று கொதித்த விவசாயிகள், கூட்டம் கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்ததன் விளைவு இது.

அத்தனை பெயர்களும் சின்னங்களும் ஒரே தாளில் எப்படி அடங்கும்? வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று, வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஆம், சொந்த ஓட்டுகூட!

அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் தொகை வெறும் 250 ரூபாய். கோபத்தைக் காட்ட அதைவிட மலிவான வழி கிடைத்திருக்காது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம் இதை 5,000 ரூபாயாக உயர்த்தியது. சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிபவர்கள் தேவை என்றும் விதித்தது. இப்போது டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. தோற்றவர் அதைத் திரும்பப் பெற, செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும்.

இன்றைய மின்னணு இயந்திரத்தில் 24 வாக்குப்பதிவுக் கருவிகளைக் கோத்தாலும், நோட்டாவையும் சேர்த்து 384 இடங்கள்தான்.