இலவச நோட்டீஸுக்கும் கணக்கு உண்டு

இங்கிலாந்து உள்ளாட்சித் தேர்தலில் தனித்துப் பிரச்சாரம் செய்யும் வேட்பாளரின் செலவு வரம்பு 960 பவுண்டு; அதோடு வார்டின் வாக்காளர் தலைக்கு 8 பென்ஸ். 8,000 வாக்காளர்கள் என்றால் மொத்தம் 1,600 பவுண்டு. வீடுவீடாகக் கதவில் செருகும் நோட்டீஸுக்கே இதில் கணிசமான தொகை போய்விடும். அச்சகம் வைத்திருக்கும் நண்பர் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தாலும் வரம்பு நெகிழாது.

1983-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, இலவசமாகவோ சந்தை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடியிலோ கிடைத்த பொருளைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தினால், விலை வித்தியாசமும் தேர்தல் செலவுதான். வித்தியாசம் 50 பவுண்டைத் தாண்டாவிட்டால் மட்டும் விலக்கு. 400 பவுண்டு வேலைக்கு அச்சகம் 360 வாங்கினால் பிரச்சினையில்லை. கணக்கில் 360 போதும். 250 வாங்கினால் மிச்சம் 150-ஐயும் சேர்த்து முழு 400-ஐக் காட்ட வேண்டும். அந்த 150 நன்கொடையாகவும் பதிவாகும்.

உழைப்பைச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. அச்சக ஊழியர் வேலை முடிந்தபின் தன் சொந்த நேரத்தில், விருப்பப்பட்டு நோட்டீஸை வடிவமைத்துக் கொடுத்தால் அது கணக்கில் வராது. தாளும் மையும் வரும். முதலாளியே வேலை நேரத்தில் அவரை அனுப்பினால் சம்பளம் செலவாகிவிடும். தொண்டனின் வியர்வைக்கு விலை போடாத இந்தப் பிரிவு நியாயமானதே.

50 பவுண்டுக்கு மேற்பட்ட நன்கொடை யாரிடமிருந்தும் வரலாம் என்பதில்லை. கொடுப்பவர் பிரிட்டன் வாக்காளர் பட்டியலில் உள்ளவராகவோ, அங்கே பதிவாகித் தொழில் நடத்தும் நிறுவனம் போன்றதாகவோ இருக்க வேண்டும். கொடுத்தவர் யாரென்றே தெரியாத நோட்டீஸ் கட்டை ஏற்கக் கூடாது.

வேட்பாளர் கேட்காமலே யாரோ கொடுத்ததைப் பயன்படுத்தினால்? 2015 தேர்தலில் தெற்கு தானெட் நாடாளுமன்றத் தொகுதியில் நடந்த செலவு தொடர்பான வழக்கில், வேட்பாளரோ அவரது தேர்தல் முகவரோ முன்அனுமதி தராவிட்டாலும், அவர்கள் பயன்படுத்தியது செலவுதான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்குத் தெரியாமல் பிறர் செய்ததும் தன் தலையில் விழுமோ என்று வேட்பாளர்கள் கலங்கினர். 2022-ஆம் ஆண்டின் தேர்தல் சட்டம், வேட்பாளரோ முகவரோ பணித்த, அனுமதித்த அல்லது ஊக்குவித்த பயன்பாடே கணக்கில் வரும் என்று தெளிவுபடுத்தியது. உள்ளாட்சிக்கும் இதுவே விதி.

இலவசமோ காசுக்கோ, நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். செலவுக் கணக்கை முடிவு வெளியான 35 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அதை எதிர்வேட்பாளர் உட்பட யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.