தோட்டத்துக் கட்டடங்கள் – 9: புகைவீட்டு நெருப்பு

கெடாவில் வீட்டைச் சூடேற்றக் கருவி வாங்கி வைத்தவர் யாரையும் நான் கண்டதில்லை. மார்கழி, தை விடியலில் 22, 23 டிகிரிக்கு இறங்கினால் அதுவே நமக்குப் பெரிய குளிர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பிரட்டுக்கு நின்றால் எட்டு மணி வெயிலில் எல்லாம் ஓடிவிடும். ஆனால் இதே மண்ணில், சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு கட்டடத்தை மட்டும் ராப்பகலாக 50, 60 டிகிரிச் சூட்டில் வைத்திருந்தார்கள். அதற்குத் தனி அடுப்பு, தனி விறகுக் கொட்டகை, தனி ஆள், ஆண்டுக்கொரு முறை பழுதுபார்ப்பு எல்லாம் உண்டு. ஆள் குடியிருக்க அல்ல, ரப்பர் ஷீட் குடியிருக்க. பிரட்டுக்களத்தையும் ஆபீசையும் பார்த்த இந்தத் தொடரில் இந்த வாரம் அந்தப் புகைவீடு.

மரத்துக்கு வரும் குளிர்காலம்

நமக்கு இல்லாத குளிர்காலம் பால்மரத்துக்கு உண்டு. தைப்பூசம் முடிந்த கையோடு காடு நிறம் மாறும். அமேசான் காட்டிலிருந்து லண்டன் கியூ தாவரப் பூங்கா வழியாக, 1877இல் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்த நாற்றுகளின் வாரிசுகள் இவை. வறட்சி கண்டால் இலையை உதிர்க்கும் பிறவிக் குணம் இன்னும் போகவில்லை. தீபகற்பத்தின் வடகோடியான கெடாவிலும் பெர்லிசிலும் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் மழை நன்றாகக் குறைந்துவிடும். அதனால் இலையுதிர்வு தெற்கைவிட இங்கே தெளிவாகத் தெரியும். நிரை நிரையாக மரங்கள் பழுத்து, செம்மண் நிறமாகி, மொட்டையாக நிற்கும். காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் அடுத்த தீம்பாருக்குக் கேட்கும்.

அடுத்து தளிர் விடும். சத்தையெல்லாம் தளிருக்கே கொடுப்பதால் மரத்தில் பால் சுண்டிவிடும். அந்தத் தளிரில் ஓயிடியம் என்ற சாம்பல் பூஞ்சணம் விழுந்தால் அதுவும் கொட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் தோட்டங்களில் கந்தகத் தூள் அடித்தார்கள். மங்கில் பால் பாதியாய்க் குறையும், வாளி கனக்காது, பவுண்டுக் கணக்கில் கிடைக்கும் காசும் இளைக்கும். வெட்டுக்காரருக்கு ஆண்டிலேயே கையைக் கடிக்கும் மாதங்கள் இவைதாம். சிலரை வெட்டை நிறுத்திப் புல்வெட்டுக்கும் காண் வெட்டவும் அனுப்பினார்கள்.

ஸ்டோருக்கு இதே மாதங்கள் வேறு கணக்கு. உள்ளே வரும் ஷீட் குறைவு, வெளியே வானம் வெளுத்துக் கிடக்கிறது. ஆண்டு முழுக்க அணையாத அடுப்பை அணைத்து ஆற வைத்து, உள்ளே ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல சமயம் கிடையாது. குளிர்நாட்டுக்காரர் பனி தொடங்கும் முன் புகைபோக்கியைக் கூட்டிப் பெருக்கி வைப்பார். நம்மூரில் குளிர்காலம் மரத்துக்கு வந்தபோது புகைவீட்டைத் தயார் செய்தார்கள்.

நெருப்பின் வேலை உலர்த்துவது

காலையில் சேர்ந்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் விட்டு, அலுமினியத் தகடுகள் செருகிய தொட்டியில் உறைய வைப்பார்கள். உறைந்த பால் தோசைமாவுப் பதம் தாண்டிப் பன்னீர்க்கட்டிபோல் நிற்கும். அதை உருளை மெஷினில் விட்டு விட்டு எடுக்க, நீர் பிழிந்து மெலிந்துகொண்டே வரும். கடைசி உருளையில் கோடு விழும். அந்தக் கோடு அழகுக்கு இல்லை. காற்றுபடும் பரப்பைக் கூட்டும், ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கும். சொட்டச் சொட்டத் தொங்கவிட்ட பிறகு புகைவீட்டுக்குப் போகும்.

புகைவீடு உயரமான, சன்னல் குறைந்த கட்டடம். உள்ளே தரையிலிருந்து கூரைவரை அடுக்கடுக்காய்க் கம்புகள், கம்புதோறும் ஷீட். அடுப்பு பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் செங்கல்லால் கட்டியிருக்கும். சூடும் புகையும் தரைக்கடியில் உள்ள கால்வாய் வழியே உள்ளே போய்ப் பரவும். கூரை முகட்டில் திறந்து மூடும் பலகைகள். பெரிய தோட்டங்களில் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் ஷீட்டைத் தொங்கவிட்டு, சுரங்கம் போன்ற நீண்ட அறையின் ஒரு வாசலில் ஏற்றி மறு வாசலில் இறக்கினார்கள்.

ஷீட் காய நாலு நாள் பிடிக்கும். முதல் நாள் 45 டிகிரியை ஒட்டி மிதமான சூடு. அன்று முகட்டுப் பலகை நன்றாகத் திறந்திருக்க வேண்டும், ஏனெனில் ஈரத்தில் பெரும்பகுதி அன்றுதான் ஆவியாகி வெளியேறும். பிறகு பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாத்தி, சூட்டை ஏற்றி, கடைசியில் 60 வரை கொண்டுபோவார்கள். அதற்கு மேல் போனால் ஷீட்டில் கொப்புளம் விழும், ஒட்டிக்கொண்டு இழுபடும். முதல் நாளே அவசரப்பட்டு ஏற்றினால் மேல்புறம் இறுகி, உள் ஈரம் வெளியே வர வழியில்லாமல் குமிழாகும். சூடு போதாவிட்டாலும், ஈரம் வெளியேறாவிட்டாலும் பூஞ்சணம் பூக்கும். உள்ளே எவ்வளவு சூடு என்பது பாதிக் கதை. எவ்வளவு ஈரம் வெளியே போகிறது என்பதே மீதிப் பாதி. நல்ல தீக்காரர் அடுப்பைப் பார்க்கும் அளவுக்குக் கூரையையும் பார்ப்பார்.

புகைக்கும் தனி வேலை உண்டு. விறகுப் புகையில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்கள் ஷீட்டில் படிந்து பூஞ்சணத்தைத் தடுக்கும். பினாங்கில் கப்பலேறி வாரக்கணக்கில் கடலில் போகும் சரக்குக்கு அந்தக் காவல் தேவைப்பட்டது. ஆகவே நன்றாகக் காய்ந்த விறகு மட்டும் போதாது. அது சூட்டைத் தரும், புகையைத் தராது. காய்ந்ததோடு பச்சை விறகையும் கலந்து போட்டால்தான் இரண்டும் கிடைக்கும். 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை மறுநடவுக்காகச் சாய்க்கும்போது விறகுக்குக் குறைவிருக்காது. மரம் தன் பாலைத் தானே உலர்த்திக் கொடுத்தது.

காய்ந்ததா என்று பார்க்க ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்கள். சரியாகக் காய்ந்தது தேன் நிறத்தில், ஒரே சீராய் ஒளி விடும். எங்காவது வெள்ளையாய்த் திட்டு தெரிந்தால் அங்கே ஈரம் இருக்கிறது என்று பொருள், மறுபடி கம்புக்குப் போகும். காய்ந்தவற்றைப் பெண்கள் வெளிச்ச மேசையில் விரித்து, சாம்பல் துணுக்கையும் மரப்பட்டைத் தூசியையும் கத்தரியால் வெட்டி எடுத்துத் தரம் பிரித்தார்கள். புகைந்த ஷீட்டுக்கு 1எக்ஸ் தொடங்கி 5 வரை ஆறு தரம். ஒரு தரம் இறங்கினால் விலையும் இறங்கும். அடுப்படியில் நடந்த தவறு ஆபீஸ் கணக்கில் காசாகத் தெரிந்த இடம் அந்த மேசை.

அடுப்பை ஆற வைத்த நாள்கள்

பழுதுபார்ப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அடுப்புச் சாம்பலை வழித்து எடுப்பது. அடுத்தது கால்வாய். ஆண்டு முழுக்க ஓடிய புகை அதன் சுவரில் கருப்புத் தாராய் இறுகியிருக்கும். விட்டுவைத்தால் புகைப்பாதை குறுகும், அதைவிட மோசம், அந்தத் தாரே தீப்பிடிக்கும். ஐரோப்பிய வீடுகளில் புகைபோக்கி பற்றி எரிவதும் இதனால்தான். சுரண்டி எடுத்த பின் செங்கல் வெடிப்புகளைக் களிமண்ணால் பூசுவார்கள். வெடிப்பு வழியே கசியும் சூடு வீண் விறகு, வெடிப்பு வழியே நுழையும் காற்று அடங்காத தீ.

பிறகு உள்கூரை. தகரத்தில் பட்ட புகை குளிர்ந்து தாராகச் சொட்டினால் கீழே தொங்கும் ஷீட்டில் கருப்புப் புள்ளி விழும், தரம் போகும். முகட்டுப் பலகையின் கீலும் கயிறும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், கதவு பிசகில்லாமல் சாத்த வேண்டும். கம்புகளைக் கழுவி, சிலாம்பு நீக்கி வழவழப்பாக்க வேண்டும். அழுக்குக் கம்பு ஷீட்டின் நடுவே கறை போடும், அதனால்தான் வேலை நாள்களிலும் ஷீட்டை நகர்த்தி நகர்த்திப் போடுவது. வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்பதும் அப்போதே சோதித்துக்கொள்ள வேண்டியது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, சூடு ஏறிவரும் வாய்மேல் போட்ட இரும்புத் தகடும் கம்பி வலையும். மேல் அடுக்கிலிருந்து ஒரு ஷீட் நழுவி நெருப்பு வாயில் விழுந்தால், அல்லது ஒரு பொறி கால்வாய் வழியே உள்ளே ஏறினால், ரப்பர் பற்றிக்கொள்ளும். ரப்பர் பற்றினால் தண்ணீர் வாளிக்கு அடங்காது. கட்டடமும் நாலு நாள் உழைப்பும் ஒரே ராத்திரியில் கரியாகும். வலை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த ஒரு பொருளுக்குச் செல்லாது. மணல் வாளியும் தண்ணீர்ப் பீப்பாயும் நிரம்பிய பிறகே மறுபடி தீ மூட்டுவது.

லயத்து அடுப்பு

இவ்வளவையும் வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்று எங்கே நுழைய வேண்டும், புகை எங்கே போக வேண்டும், எத்தனை டிகிரிக்கு மேல் ஆகாது என்பதெல்லாம் தோட்ட நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1925இல் சட்டம் போட்டு அமைத்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இவற்றை அளந்து எழுதிக் கொடுத்தது. ஆனால் அதே தோட்டத்தின் பல லயங்களில் சமையலறைப் புகைக்கு ஒழுங்கான வழி இல்லை. மூன்று கல் அடுப்பில் கித்தா விறகு எரியும், புகை கூரையிடுக்கில் தேடிப் பிடித்து வெளியேறும், பாதி அம்மாவின் கண்ணிலும் நெஞ்சிலும் தங்கும். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைத்ததும், குழந்தையின் தலைக்குச் சாம்பிராணி காட்டியதும், தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு அண்டா ஏற்றியதும் அந்த அடுப்பில்தான். ஷீட்டின் மேல் சாம்பல் விழாமல் பார்த்துக்கொண்ட அக்கறையில் கொஞ்சம் லயத்துப் பக்கம் திரும்பியிருந்தால், முகட்டில் நாலு பலகையைத் திறந்துவிடுவது பெரிய செலவாக இருந்திருக்காது. செய்யத் தெரியாமல் விட்டதில்லை அது. தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரம் சொல்லும் சட்டம் 1966இல் ஒன்றும், அதற்குப் பதிலாக 1990இல் 446ஆம் சட்டமும் வந்தன.

அடங்கிய அடுப்புகள்

1965இல் மலேசியா தரக்குறியிட்ட கட்டி ரப்பரை அறிமுகம் செய்தது. பாலையும் ஒட்டுப்பாலையும் துகளாக்கி, 100 டிகிரியைத் தாண்டிய காற்றில் சில மணி நேரத்தில் உலர்த்தி, 33.3 கிலோ கட்டியாக அமுக்கிவிடலாம். நாலு நாள் புகையும், வெளிச்சத்தில் பார்க்கும் கண்ணும் தேவைப்படவில்லை. தரத்தை ஆய்வுக்கூடம் சொன்னது. பிறகு செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, சுங்கைப்பட்டாணியைச் சுற்றிய பால்காடுகள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. விறகாக எரிந்த கித்தா மரம் 1980களில் நாற்காலி, மேசையாக ஏற்றுமதியாகத் தொடங்க, விறகும் விலைப்பொருளாயிற்று. எல்லை தாண்டித் தாய்லாந்தின் தெற்கில் புகைந்த ஷீட் இன்றும் நடக்கும் தொழில். இந்தப் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் பெரும்பாலும் மங்கிலேயே உறைய விட்டு, கட்டியாக விற்றுவிடுகிறார்கள்.

இன்று தாமான் வீட்டில் நமக்கிருக்கும் ஒரே சூடேற்றும் கருவி குளியலறை வாட்டர் ஹீட்டர். அதற்கும் புகைவீட்டு ஒழுங்கு பொருந்தும். மழையும் குளிரும் சேரும் மாதங்களில்தான் அதை அதிகம் திறக்கிறோம், ஆகவே அதற்கு முன்பே பார்த்து வைப்பது நல்லது. ஹீட்டருக்கென்று 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பு பொருத்தியிருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் ஹீட்டரைத் தொடாமல், பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். நிலக்கம்பி இணைப்பையும் அவரே பார்க்கட்டும். அன்று நெருப்பு வாய்மேல் போட்ட கம்பி வலை செய்த வேலையை இன்று அந்தச் சின்னப் பொத்தான் செய்கிறது.

புகைவீட்டில் ராத்தீ போட்டவர்கள் பெரும்பாலும் எண்பதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். உங்கள் குடும்பத்தில் தாத்தாவோ பெரியப்பாவோ அந்த வேலை செய்திருந்தால், தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்காதீர்கள், கஷ்டம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பச்சை விறகும் காய்ந்த விறகும் என்ன கணக்கில் கலந்தீர்கள், ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், வெப்பமானி இல்லாமல் சூட்டை எப்படிக் கண்டீர்கள், மழைநாளில் முகட்டுப் பலகையை என்ன செய்தீர்கள் என்று வேலையைப் பற்றிக் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதி வையுங்கள். ஷீட்டின் தரம் தோட்டத்துக் கணக்கில் பதிவாயிற்று, தீக்காரரின் கைப்பழக்கம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

(அடுத்த வாரம்: ஆயாக் கொட்டகை)